கேலன்ல இருந்து லிட்டருக்கு: மலை எஸ்டேட்ல டீசல் கணக்கை மாத்தறது எப்படி

நம்ம நாட்ல 1957ல நயா பைசா வந்துச்சு, 1958 அக்டோபர்ல கிலோ வந்துச்சு, பங்க்ல லிட்டர்ல ஊத்த ஆரம்பிச்சு ரெண்டு தலைமுறை ஆச்சு, ஆனா குன்னூர் கோத்தகிரி பக்கம் பழைய எஸ்டேட் ஸ்டோர்ல எட்டிப் பாத்தீங்கன்னா டேங்க்ல எவ்ளோ இருக்குன்னு உள்ள விட்டுப் பாக்கற, கேலன் கோடு போட்ட பித்தளை டிப் ராட் ஒண்ணு இன்னும் மூலைல சாஞ்சு நிக்கும், ஜெனரேட்டர் புக்ல பைன்ட் கணக்கு இருக்கும், ஜீப் லாக் புக்ல மைலும் கேலனும் இருக்கும். பங்க் பில் லிட்டர்ல வருது, அதை வகுத்து கேலனாக்கி ரெஜிஸ்டர்ல ஏத்தறாங்க, ஆடிட்டர் வந்தா மறுபடி பெருக்கி லிட்டராக்கறாங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா கணக்கு உதிருது, கடைசில டிரைவர் தலைல விழுது. இதை ஒரேயடியா லிட்டருக்கு எப்படி மாத்தறதுன்னு ஸ்டோர் பாக்கற தம்பிங்களுக்காகவும், சொந்தமா பேரல் வெச்சிருக்கற சின்ன டீ விவசாயிங்களுக்காகவும் எழுதறேன்.

முதல்லயே சொல்லிடறேன், இது கால்குலேட்டர்ல பெருக்கற வேலை இல்லைங்க. பெருக்கல் அஞ்சு நிமிஷம். ராட், பம்ப், ரெஜிஸ்டர், ரேட் நாலும் ஒரே நாள்ல மாறணும், எந்த இடத்துல சந்தேகம் வந்தாலும் முத்திரை குத்தின அளவு கேன்ல ஊத்திப் பாத்து முடிவு பண்ணணும், பேப்பர்ல பாத்து இல்ல. இவ்ளோதான் விஷயம்.

உங்க கேலன் எந்த ஊர் கேலன்னு மொதல்ல கண்டுபுடிங்க. ரெண்டு இருக்கு. பிரிட்டிஷ்காரன் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கா கேலன் 3.785 லிட்டர். நம்ம எஸ்டேட் எல்லாம் வெள்ளைக்கார தொரைங்க போட்டது, அதனால பழைய ராட், பழைய லிஸ்டர் இன்ஜின் மேனுவல் எல்லாம் பெரும்பாலும் பெரிய கேலன்தான். ஆனா அமெரிக்கா ஜீப் மேனுவலா, அங்க இருந்து வந்த மெஷினா இருந்தா சின்ன கேலன். ரெண்டையும் குழப்பினா சின்ன தப்பு இல்ல, ஸ்டாக்ல 86 கேலன்னு எழுதியிருக்குன்னா பெரிய கேலன்ல அது 391 லிட்டர், சின்ன கேலன்ல 326 லிட்டர், அறுபத்தஞ்சு லிட்டர் காத்துல போயிடும். பேரலைக்கூட பாருங்க, அமெரிக்காக்காரன் 55 கேலன் டிரம்முங்கறான், பிரிட்டிஷ் வழக்கத்துல கிட்டத்தட்ட அதே டிரம்மை 44 கேலன் டிரம்ம்பாங்க. முன்னது 208 லிட்டர், பின்னது 200 லிட்டர். இன்ஜின் ஆயில் பேரல்ல 210ன்னு போட்டு வரும். அதனால "ஒரு பேரல்"னு ரெஜிஸ்டர்ல எழுதற பழக்கத்தை மொதல்ல விடுங்க, அது அளவே இல்ல.

பைன்ட்டும் அதே கதைதான். பிரிட்டிஷ் பைன்ட் 568 மில்லி, அமெரிக்கா பைன்ட் 473 மில்லி. ரெண்டு ஊர்லயும் எட்டு பைன்ட் ஒரு கேலன்.

அடுத்து அந்த "நாலரை" விவகாரம். பழைய கணக்குப்பிள்ளைங்க கிட்ட கேட்டா "நாலரைன்னு போடு தம்பி, என்ன பெரிய வித்தியாசம் வந்துரப் போகுது"ம்பாங்க. வருதுங்கண்ணா. 400 லிட்டர் டீசல் வாங்கிட்டு வந்து 4.5ஆல வகுத்தா 88.9 கேலன் வரவு, நெஜமா டேங்க்ல எறங்கினது 88 கேலன்தான். ராட் சரியான கேலன்ல காட்டுது, ரெஜிஸ்டர் கூட காட்டுது, ஆக ஒவ்வொரு 400 லிட்டருக்கும் நாலு லிட்டர் "குறையுது". யாரும் திருடல, வகுத்தல்தான் திருடுது. வருஷக்கணக்கா இப்படி ஒரு சதவீதம் குறைஞ்சுட்டே இருந்தா ஸ்டோர்ல இருக்கற ஆள் மேல சந்தேகம் வராம என்ன வரும். 4.546ன்னு எழுதி சுவத்துல ஒட்டிருங்க, அதுவும் மாத்தற அன்னிக்கு ஒரே ஒரு தடவைதான் தேவைப்படும், அதுக்கப்புறம் அந்த நம்பரே வேணாம்.

மாத்தறதுக்கு நாள் குறிக்கறப்போ மாசக் கடைசியா பாத்துக்கங்க, டேங்க்ல ஸ்டாக் எவ்ளோ கம்மியா இருக்கோ அவ்ளோ நல்லது, அப்பதான் ராட் வேலை சுலபம். ஏப்ரல் 1 ரொம்ப வசதி, புது ரெஜிஸ்டரே போட்டுரலாம். பழைய ரெஜிஸ்டர்ல கேலன்ல க்ளோசிங் ஸ்டாக் எழுதி, கீழ கோடு போட்டு, மேனேஜர் கையெழுத்து வாங்கிருங்க. புது ரெஜிஸ்டர்ல ஓப்பனிங் ஸ்டாக்கை அந்த கேலனைப் பெருக்கிப் போடாதீங்க, டேங்க்ல இருக்கறதை அளந்து லிட்டர்ல போடுங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் வந்தா, வரும், அதைத் தனியா ஒரு வரில "மாற்ற வித்தியாசம்"னு காட்டிருங்க. மூடி மறைச்சு அங்க இங்க பிரிச்சுப் போட்டா அடுத்த ஆடிட்ல வேற ரூபத்துல கெளம்பும்.

கொஞ்ச நாள் ரெஜிஸ்டர்ல ரெண்டு காலம் (நெடுக்கு வரிசை) போட்டு கேலனும் லிட்டரும் சேத்து எழுதலாம்னு சில பேர் சொல்வாங்க. வேணாங்க. ரெண்டு காலம் இருக்கற வரைக்கும் யாரும் லிட்டர்ல யோசிக்க மாட்டாங்க. துபாய்ல இருக்கற நம்மாளுங்க கிட்ட கேட்டுப் பாருங்க, அங்க பங்க்ல கேலன்லதான் ஊத்திட்டு இருந்தாங்க, 2009 நவம்பர்ல அரசாங்கம் முடிவு சொல்லுச்சு, 2010 ஜனவரி 1ல இருந்து லிட்டர், அவ்ளோதான். இங்கிலாந்துல இழுத்துக்கிட்டே இருந்து 1995லதான் லிட்டர்ல மட்டும்தான் விக்கணும்னு சட்டமாச்சு, இன்னும் அங்க கார் விளம்பரத்துல கேலனுக்கு இத்தனை மைல்னுதான் பேசறாங்க, வாங்கறது லிட்டர்ல பேசறது கேலன்ல. அமெரிக்கா கதை இன்னும் வேடிக்கை. 1979 வாக்குல விலை கேலனுக்கு ஒரு டாலரைத் தாண்டிருச்சு, பழைய மெக்கானிக்கல் பம்ப்ல ரேட் 99.9 சென்ட்டுக்கு மேல போடவே வழியில்ல, அதனால சில பங்க்ல அரை கேலன் ரேட் போட்டு ஊத்தினாங்க, சில பங்க்ல லிட்டர்ல வித்தாங்க. புது பம்ப் வந்ததும் மறுபடி கேலனுக்கே போயிட்டாங்க. பம்ப் மெஷினுக்காக மாறினது, மெஷின் மாறினதும் போயிருச்சு.

இப்ப டிப் ராட். இதுலதான் ரொம்பப் பேர் குறுக்கு வழி தேடுவாங்க, கேலன் கோடு பக்கத்துலயே பெருக்கி லிட்டர் எழுதிருவாங்க. அந்த ராட் எந்த டேங்குக்கு அடிச்சதுன்னு யாருக்குத் தெரியும்? டேங்க்கை எப்பவோ மாத்தியிருப்பாங்க, ராட் நுனி தேஞ்சு அரை இஞ்ச் போயிருக்கும், டேங்க் அடில சேறு கட்டியிருக்கும், மலைல போட்ட கான்கிரீட் மேடை ஒரு பக்கம் எறங்கி டேங்க்கே சாஞ்சிருக்கும். புதுசா அளந்து கோடு போடறதுதான் வழி.

டேங்க்கை காலி பண்ணி, அடி சேறெல்லாம் எடுத்துட்டு, முத்திரை குத்தின அளவு கேன்ல டீசலை அளந்து ஊத்துங்க. 20 லிட்டர் ஊத்து, டிப் விடு, ஈரம் எதுவரைக்கும் இருக்கோ அங்க கோடு, மறுபடி 20 லிட்டர். பொறுமையான வேலை, ரெண்டு ஆள் வேணும், ஒருத்தர் ஊத்தறதுக்கு, ஒருத்தர் எண்ணறதுக்கு, எண்ணற ஆள் ஒவ்வொரு 20க்கும் நோட்ல ஒரு கோடு போடணும், நடுவுல போன் வந்தா எடுக்கக் கூடாது, தீ விஷயத்துக்கும் அதுதான் நல்லது. டீசல் ராட்ல தவழ்ந்து ஏறி கோட்டை ஏமாத்தும், டிப்புக்குன்னு விக்கற பேஸ்ட் இருந்தா தடவிக்கங்க, இல்லைன்னா சுண்ணாம்புக் கட்டி தேச்சாலே ஈரக்கோடு பளிச்சுன்னு தெரியும்.

கோடுங்க சம தூரத்துல வராது, பயந்துக்காதீங்க. படுக்க வெச்ச உருளை டேங்க் அப்படித்தான். உதாரணத்துக்கு குறுக்களவு 80 சென்டிமீட்டர், நீளம் 150 சென்டிமீட்டர் டேங்க்னு வெச்சுக்கங்க, மொத்தம் 754 லிட்டர் பிடிக்கும். அடியில இருந்து 20 சென்டிமீட்டர் வரைக்கும் 147 லிட்டர்தான், ஆனா 20ல இருந்து 40க்குப் போறப்போ 230 லிட்டர். பாதிக்கு மேல அதே கணக்கு தலைகீழா. ஸ்கேல் வெச்சு சமமா கோடு போட்ட ராட் எங்கயாச்சும் பாத்தீங்கன்னா, அதை அடிச்சவர் இந்தக் கணக்கைப் பாக்கலைன்னு அர்த்தம். நிக்க வெச்ச பேரல்னா சமமாத்தான் வரும், அங்க பிரச்சனை இல்ல.

பேரல்ல போட்டிருக்கற கை பம்ப்ல கேலன் டயல் இருந்தா அதையும் பெருக்க வேணாம். ஒரு சுத்துக்கு எவ்ளோ வருதுன்னு கேன்ல ஊத்திப் பாருங்க, உள்ள சுத்தற தகடு தேஞ்ச பம்ப்ல டயல் சொல்றதை விட கம்மியாத்தான் வரும். டயலை டேப் ஒட்டி மறைச்சுட்டு, இஷ்யூ எல்லாம் 5 லிட்டர் கேன்ல, 20 லிட்டர் ஜெர்ரி கேன்ல பண்ணுங்க. கேன் வாங்கறப்போ எடையளவு முத்திரை இருக்கான்னு பாத்து வாங்குங்க, முத்திரைக்கும் காலக்கெடு உண்டு, மறுபடி முத்திரை போட தொழிலாளர் துறையோட எடையளவு பிரிவுக்குத்தான் போகணும்.

நடுவுல ஒரு சட்ட விஷயம். டீசல் லைசென்ஸ் இல்லாம ஒரு இடத்துல 2,500 லிட்டர் வரைக்கும் வெச்சுக்கலாம், ஆனா எந்த டேங்க்கும் 1,000 லிட்டருக்கு மேல இருக்கக் கூடாது. பெட்ரோல் அப்படி இல்ல, சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர்தான். இதெல்லாம் லிட்டர்லதான் சட்டத்துல எழுதியிருக்கு, நீங்க கேலன் ரெஜிஸ்டர் வெச்சுக்கிட்டு அளவு தாண்டிட்டீங்களான்னு எப்படிப் பாப்பீங்க? அப்புறம் லைன் வீட்டு ஆளுங்க பைக்குக்கு காசு வாங்கிட்டு ஸ்டோர்ல இருந்து ஊத்திக் கொடுக்கற பழக்கம் சில இடத்துல இருக்கு, அது வியாபாரம் ஆயிடும், வேணாம்.

டூ ஸ்ட்ரோக் மெஷினுக்கு ஆயில் கலக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஸ்ப்ரேயர்ல "மூணு கேலனுக்கு ஒரு பைன்ட்"னு இருக்கும், அது 24க்கு 1, எந்த ஊர் கேலனா இருந்தாலும் அதே விகிதம்தான், ஆக லிட்டருக்கு 42 மில்லி. இப்ப வர்ற வெளிநாட்டு பிரஷ் கட்டர் சிலதுல "கேலனுக்கு 2.6 அவுன்ஸ்"னு ஸ்டிக்கர் இருக்கும், அது அமெரிக்கா அளவு, 50க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி. பழைய ஸ்ப்ரேயர் பழக்கத்துல இதுக்கும் 42 மில்லி ஊத்தினா புகை அடிக்கும், இதோட அளவை அதுக்கு ஊத்தினா பிஸ்டன் புடிச்சுக்கும். விகிதத்தை மட்டும் பெயின்ட்ல மெஷின் மேலயே எழுதிருங்க.

எல்லாம் மாத்தியாச்சு, லிட்டர் ரெஜிஸ்டர் போட்டாச்சு, அப்பயும் குறையுதே? இங்கதான் நம்ம மலை விளையாடுது. டீசல் சூடு ஏறினா விரியும், குளிர்ந்தா சுருங்கும், ஒரு டிகிரிக்கு சுமாரா பத்தாயிரத்துல எட்டு பங்கு. கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். ஆனா மேட்டுப்பாளையத்துல மத்தியானம் 32 டிகிரில 200 லிட்டர் பேரல் ரொப்பி பிக்கப்ல ஏத்திட்டு வந்து, ராத்திரி முழுக்க ஊட்டி குளிர்ல கெடந்து, காலைல 14 டிகிரில அளந்தீங்கன்னா 197 லிட்டர்தான் இருக்கும். மூணு லிட்டர் எங்கேன்னு டிரைவரை நிக்க வெச்சுக் கேக்காதீங்க, வழில பர்லியார்ல யாருக்கும் ஊத்திட்டு வரல, சுருங்கிருச்சு. எடை போட்டா ஒரு கிராம்கூட குறைஞ்சிருக்காது. பங்க்காரங்களுக்கும் இதே தலைவலி பெருசா இருக்கு, கோயம்புத்தூர் பக்கம் இருகூர் எண்ணெய் டெர்மினல்ல லோடு ஏத்தின 12,000 லிட்டர் டேங்கர் மேல வந்து தரைக்கு அடில இருக்கற டேங்க்ல எறங்கி ஆறி முடிக்கறப்போ 12 டிகிரி குறைஞ்சிருந்தா 120 லிட்டர் கிட்ட கணக்குல காணாமப் போயிருக்கும். மாறா நமக்கு லாபம், ஊட்டில ஊத்தற ஒரு லிட்டர்ல கீழ ஊத்தற லிட்டரை விட எண்ணெய் கொஞ்சம் அதிகம். லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு ரூபா மேல கூட இருக்குல்ல, லாரி வாடகை, அதுல கொஞ்சம் இப்படித் திரும்பி வருதுன்னு வெச்சுக்கங்க.

அதனால வரவு எழுதறப்போ பக்கத்துலயே டெம்பரேச்சர் எழுத ஒரு காலம் போடுங்க. சாதாரண தெர்மாமீட்டர் போதும். அளக்கறது எப்பவும் ஒரே நேரத்துல, காலைல வேலை துவங்கறதுக்கு முன்னாடின்னு வெச்சுக்கிட்டா பாதி சண்டை ஒழியும்.

இதைப் படிச்சுட்டு "அப்ப அதிகாலைல பங்க்குக்குப் போனா லாபமா"ன்னு கேப்பீங்க. இல்லைங்க, அங்க டேங்க் தரைக்கு அடில, ராத்திரிக்கும் பகலுக்கும் ஒரு டிகிரிகூட பெருசா மாறாது. அதே மாதிரி 100 ரூபாய்க்குப் போடாம 110க்குப் போட்டா ஏமாத்த முடியாதுங்கறதும் சும்மா. ஏமாத்தணும்னு நினைக்கறவனுக்கு 110ம் ஒண்ணுதான். சந்தேகம்னா கேன் கேளுங்க. ஒவ்வொரு பங்க்லயும் முத்திரை குத்தின 5 லிட்டர் கேன் வெச்சிருக்கணும், கஸ்டமர் கேட்டா அளந்து காட்டணும். அளக்கறப்போ நாலு விஷயம் பாருங்க: கேன்ல முத்திரை வருஷம் பழசா இல்லையா, கேன் உள்ள ஒரு தடவை நனைஞ்சு வடிச்சதா, மீட்டர் சைபர்ல இருந்து ஆரம்பிக்குதா, கேன் சமமான தரைல இருக்கா. கடைசி விஷயம் நம்ம ஊருக்குன்னே, மலைல பாதி பங்க்ல தரை சரிவா இருக்கும், கேன் கழுத்துல இருக்கற மில்லி கோடு ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறைவாவும் காட்டும். குனிஞ்சு கோட்டுக்கு நேரா கண்ணை வெச்சுப் பாருங்க. 5 லிட்டருக்கு 25 மில்லி வரைக்கும் முன்ன பின்ன இருக்க அனுமதி உண்டு, அதுக்குள்ள இருந்தா சண்டை போடாதீங்க, அதுக்கு மேல குறைஞ்சா அந்த பம்ப்பையே நிறுத்தச் சொல்லலாம், புகார் எடையளவு பிரிவுக்குப் போகணும்.

கடைசியா வண்டி லாக் புக். மைல் கேலன் கணக்குல இருக்கற பழைய மைலேஜை ஒப்பிட்டுப் பாக்கணும்னா பிரிட்டிஷ் கேலனுக்கு எத்தனை மைலோ அதை 0.354ஆல பெருக்கினா லிட்டருக்கு கிலோமீட்டர், அமெரிக்கா கேலன்னா 0.425. பழைய புக்ல 30ன்னு இருந்தா முன்னதுல 10.6, பின்னதுல 12.75. புதுசா வர்ற சில காருல மீட்டர் 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர்னு காட்டும், 100ஐ அந்த நம்பரால வகுத்தா நம்ம மைலேஜ், 6.67 காட்டினா 15 கிடைக்குதுன்னு அர்த்தம், அங்க நம்பர் கம்மியா இருந்தாத்தான் நல்லது. பாக்கறப்போ மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி ஏறினதை மட்டும் வெச்சு வண்டி சரியில்லைன்னும், எறங்கினதை மட்டும் வெச்சு வண்டி சூப்பர்னும் எழுதாதீங்க. ஃபுல் டேங்க் போட்டு, போயிட்டு வந்து, அதே பங்க்ல அதே பம்ப்ல மறுபடி ஃபுல் பண்ணி, எத்தனை லிட்டர் புடிச்சதோ அதால ஓடின கிலோமீட்டரை வகுங்க. எறங்கறப்போ மிச்சம் புடிக்கறேன்னு நியூட்ரல்ல விடற டிரைவர் இருந்தா கண்டிச்சு வைங்க, இப்ப இருக்கற இன்ஜெக்ஷன் வண்டில கியர்ல எறங்கினா ஆக்ஸிலரேட்டர் விட்டதும் டீசல் தானா நின்னுரும், நியூட்ரல்லதான் ஐடில்ல குடிக்கும், பிரேக்கும் சூடேறிப் போகும். லாக் புக்ல தேதி, கிலோமீட்டர், லிட்டர், ஏத்தமா எறக்கமா, லோடு இருந்துச்சான்னு அஞ்சு காலம் போதும், கேலன் காலம் அடிச்ச பழைய நோட்டு மிச்சம் இருந்தா கணக்கு எழுதக் குடுக்காம ஃபேக்டரில எடை துண்டு எழுத எடுத்துக்கச் சொல்லுங்க.